மருந்தும் ஊர்ப் பொதுவே
(கவரைப்பேட்டையில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஓர் அங்கத்தினர் செய்த பிரசங்கம்)



வைத்தியனல்லாத நான் மருந்தைப் பற்றிப் பேசத் துணிந்ததைப் பொறுத்தருள்க. நான் இன்று எடுத்துக்கொண்ட அறிஞரும் வைத்தியரல்லர். ரமணன் லட்சுமிநாராயணன் என்னும் அவர் பிலானியில் பொறியியலும், பின்பு அமெரிக்காவில் பொருளாதாரமும் கற்றவர். ஆன்டிபயாட்டிக் மருந்துகள் பலனற்றுப் போவதேன் என்று ஆராய்வதிலேயே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டு வருபவர்.

அவர் கண்ட உண்மையை நம் ஊர்ப்புறத்து ஏரியைக் கொண்டு விளக்குவேன். ஒருவன் தன் வயலுக்கு வேண்டாத நீரை இரவில் மதகு திறந்து விட்டால் அன்றே ஏரி வற்றிவிடாது. ஊரார் அனைவரும் அவ்வாறே செய்வாராயின், கடைமடைப் பயிர் கருகும். மருந்தின் ஆற்றலும் அத்தகைய பொதுச் சொத்தே. மருந்து உண்ணுந்தோறும் எளிய கிருமிகள் மடிகின்றன. எதிர்த்து நிற்க வல்லவை எஞ்சிப் பெருகுகின்றன. வீணாய் உண்டவன் மாத்திரையின் விலையை மட்டுமே கொடுக்கிறான். எஞ்சிய விலையை முகமறியாத வேறொருவன் தன் உயிரால் கொடுக்கிறான்.

71 தேசங்களின் மருந்து விற்பனைக் கணக்கை ஆராய்ந்து, அவரும் அவருடைய கூட்டாளிகளும் 2014-ல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். 2000 முதல் 2010 வரை இம்மருந்துகளின் செலவு நூற்றுக்கு 36 பங்கு உயர்ந்ததென்றும், 2010-ல் மிகுதியாக உட்கொண்ட தேசம் இந்தியாவே என்றும் அது காட்டிற்று. ஆயினும் மருந்தை அடியோடு சுருக்குக என்று அவர் சொல்லவில்லை. உரிய மருந்து கிட்டாமல் மாளும் ஏழைக் குழந்தைகளையும் அவர் எடுத்துக்காட்டினார். தடுப்பூசியும் தூய குடிநீரும் நோயைக் குறைத்தால் மருந்தின் தேவையும் குறையும் என்பது அவர் கருத்து.

இஃது எங்கோ நிகழும் சங்கதியன்று. கடைசிப் புகலாக வைத்திருந்த மருந்துகளையும் அழிக்கும் கிருமிகள் சென்னையிலும் பிறவிடங்களிலும் காணப்பட்டதை, சென்னைப் பல்கலைக்கழகத்துக் கார்த்திகேயன் குமாரசாமி முதலியோர் 2010-ல் உலகுக்கு அறிவித்தனர். 2012-ல் டாக்டர் அப்துல் கபூர் முயற்சியால் வைத்திய சங்கங்கள் பல கூடிச் சென்னைப் பிரகடனத்தை வகுத்தன. 2014 மார்ச்சு முதல், இவ்வகை மருந்துகள் சிலவற்றை விற்கும் கடைக்காரர் வைத்தியர் பெயரையும் நோயாளி பெயரையும் தனிப் புத்தகத்தில் எழுதிவைக்க வேண்டுமென்ற விதி நடைமுறைக்கு வந்தது.

விதி கடை வாயிலோடு நின்றுவிடும். வீட்டு அலமாரியைத் திறந்து பாராது. என் குற்றத்தையே சொல்லுகிறேன். என் பேரனுக்கு ஜலதோஷம் கண்டபொழுது, முன்னொரு நோய்க்கு வாங்கி மிகுந்திருந்த மாத்திரைகளை நானே கொடுத்தேன். ஜலதோஷம் வைரஸால் வருவது. அம்மருந்து அதனைத் தீண்டாது என்று பின்னரே அறிந்தேன். அன்பினால் மதகைத் திறந்துவிட்டேன்!

ஆதலால் மும்முறை வணங்கி வேண்டுகிறேன்: வைத்தியர் சீட்டின்றி இம்மருந்தை வாங்காதீர், மிகுந்ததைப் பிறர்க்குக் கொடாதீர், வைத்தியர் சொன்ன அளவில் குறைக்கவும் கூட்டவும் செய்யாதீர். நம் பெண்டிரின் பிரசவத்திலும், முதியோரின் ரணசிகிச்சையிலும் அம்மருந்து கைகொடுக்க வேண்டுமன்றோ? முன்னோர் நமக்கு ஏரியை நிரப்பி வைத்துப் போயினர். நாமும் பின்னோர்க்கு நிறைந்த ஏரியையே விட்டுச் செல்வோமாக.