பெட்டிக்கும் ஒரு காலதர்



“வீட்டில் நாமே செய்யும் சின்னக் கணினிப் பெட்டிக்குக் காற்றுத் துளை போடுவது பயனா, வீண் வேலையா?” இதுதான் இன்றைய பட்டிமன்றத் தலைப்பு. பயனே என்று வாதாட வந்திருக்கிறேன். புத்தகத்தில் படித்ததைச் சொல்லும் முன் என் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

போன சித்திரையில் ராஸ்பெர்ரி பை 4 ஒன்று வாங்கினேன். 85 மி.மீ. நீளம், 56 மி.மீ. அகலம். உள்ளங்கைக்குள் அடங்கும் முழுக் கணினி. அலமாரி செய்தது போக மிஞ்சிய 6 மி.மீ. பிளைவுட்டில் அதற்கொரு பெட்டி செய்தேன். உப்புத்தாள் தேய்த்து, இரண்டு கோட் வார்னிஷ் அடித்தேன். வயர் நுழைய ஒரு காடி மட்டும் வெட்டினேன். மற்றபடி ஓர் ஓட்டை கிடையாது. நகைப்பெட்டி மாதிரி இருக்கிறது என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள்.

பள்ளி விடுமுறையில் என் மகள் அதில் வீடியோக்களைச் சுருக்கும் வேலையைக் கொடுத்தாள். சற்று நேரத்தில் கணினி திணற ஆரம்பித்தது. வெப்பநிலையைக் கேட்டால் 80 டிகிரிக்கு மேல் காட்டியது. மூடியைக் கழற்றினேன். வேறு எதையும் தொடவில்லை. எண் இறங்கத் தொடங்கியது. பலகையில் பழுதில்லை, புரோகிராமில் பிழையில்லை. நான் ஆசை ஆசையாகச் செய்த பெட்டிதான் அதன் மூச்சைப் பிடித்து வைத்திருந்தது.

ஏன் அப்படி ஆயிற்று? நடுவர் அவர்கள் இந்தக் கணக்கைக் கேட்க வேண்டும். கடுமையாக வேலை செய்யும்போது அந்தப் பலகை ஏறத்தாழ 6 வாட் மின்சாரம் எடுக்கிறது. எடுத்தது முழுவதும் கடைசியில் சூடாகத்தான் மாறுகிறது. 12 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரமுள்ள மரப்பெட்டிக்குள் அந்தச் சூட்டை அடைத்தால், உள்ளிருக்கும் காற்று அறையைவிட 30 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். சித்திரையில் அறையே 36 டிகிரி என்றால் பெட்டிக்குள் 66. சிப் அதற்கும் மேலே கொதிக்கும். அந்தச் சூட்டை வெளியேற்ற எவ்வளவு காற்று வேண்டும் தெரியுமா? விநாடிக்கு அரை லிட்டர். அவ்வளவு காற்று உள்ளே புகுந்து வெளியேறினால், 10 டிகிரி மட்டுமே சூடேறி 6 வாட்டையும் அள்ளிக்கொண்டு போய்விடும். ஒரு சின்ன 40 மி.மீ. விசிறி இதைப்போலப் பல மடங்கு காற்றைத் தள்ளும். அந்தக் காற்றுக்கு வழி விடுவதைத்தான் எதிரணி வீண் வேலை என்கிறது!

இனி எதிரணியின் வாதங்களுக்கு வருகிறேன்.

எதிரணித் தலைவர் சொன்னார்: “சூடு கூடினால் சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், நமக்கென்ன கவலை?” குறைத்துக்கொள்ளும், உண்மைதான். 80 டிகிரியில் குறைக்கத் தொடங்கி, 85-இல் இன்னும் இறுக்கிப் பிடிக்கும். ஆனால் ஐயா, காய்ச்சல் வந்த பிள்ளை சுருண்டு படுப்பதைப் பார்த்து, தன்னைத் தானே கவனித்துக்கொள்கிறது என்று எந்தத் தாயாவது நிம்மதி அடைவாளா? முழு வேகத்துக்குக் காசு கொடுத்துவிட்டு, பெட்டியின் பிழையால் பாதி வேகத்தில் ஓட்டுவதா? சிப்புக்காவது அந்தத் தற்காப்பு இருக்கிறது. மினி ஐடிஎக்ஸ் என்னும் சின்ன மதர்போர்டிலும் பவர் சப்ளையிலும் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டருக்கு அது இல்லை. ஒவ்வொரு 10 டிகிரி சூடு கூடும்போதும் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது மின்னணுத் தொழிலில் எல்லோரும் அறிந்த கணக்கு. பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் முப்பரிமாண அச்சு போட்டுச் செய்யும் பெட்டியோ 60 டிகிரி வாக்கிலேயே இளக ஆரம்பித்துவிடும்.

அடுத்து வந்த சகோதரி ஒரு நல்ல வாதம் வைத்தார். துளையே இல்லாத அலுமினியப் பெட்டிகள் கடையில் விற்கின்றன, அவை நன்றாக ஓடவில்லையா என்றார். ஓடுகின்றன அம்மா. அங்கே சிப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் பெட்டியே சூட்டை வாங்கி வெளியே விடுகிறது. அலுமினியம் வெப்பத்தைக் கடத்தும் திறன் பிளைவுட்டைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேல். நாம் வீட்டில் எதில் செய்கிறோம்? பிளைவுட்டில், அக்ரிலிக்கில், பழைய பிளாஸ்டிக் டப்பாவில். சூட்டைக் கடத்தாத பொருளில் பெட்டி செய்தால், சூடு வெளியேற காற்றைத் தவிர வேறு வாகனம் இல்லை.

மூன்றாவதாக வந்த நண்பர் ஆப்பிள் நிறுவனத்தை இழுத்தார். ஸ்டீவ் ஜாப்ஸுக்கு விசிறி பிடிக்காது, 2000-இல் வந்த ஜி4 க்யூபில் விசிறியே இல்லை என்றார். நண்பரே, அந்த க்யூபைக் கவிழ்த்துப் பார்த்திருக்கிறீர்களா? அடியில் காற்று நுழைய வழி, உச்சியில் வெளியேற வழி. சூடான காற்று மேலே எழும் என்ற இயற்கையை நம்பிக் கட்டிய பெட்டி அது. விசிறியை விட்டவர்கள் துளையை விடவில்லை! நீங்கள் கொண்டுவந்த சாட்சி எங்கள் பக்கம் அல்லவா பேசுகிறது? ராஸ்பெர்ரி பை நிறுவனத்தையே பாருங்கள். 2019-இல் பை 4-க்கு அவர்கள் தந்த பெட்டி ஏறக்குறைய மூடிய பெட்டி. 2020 இறுதியில் அந்தப் பெட்டிக்கென்றே தனியாக ஒரு விசிறி விற்க வந்தார்கள். 2023-இல் வந்த பை 5-இன் பெட்டியிலோ விசிறி கூடவே வருகிறது. செய்தவர்களே அனுபவத்தில் திருத்திக்கொண்ட பாடம் இது.

தூசி வரும், எறும்பு வரும், பல்லி புகும் என்றார்கள். நம் ஊரில் இது வெறும் பயமில்லை, ஒப்புக்கொள்கிறேன். அதற்குத்தான் கொசுவலை இருக்கிறது. உள்பக்கம் ஒரு துண்டு ஒட்டுங்கள். வலை காற்றைக் கொஞ்சம் தடுக்கும். அதனால் துளையைச் சற்றுப் பெரிதாகப் போடுங்கள். மாதம் ஒருமுறை பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். தூசி கண்ணுக்குத் தெரியும், துடைத்துவிடலாம். சூட்டை எந்தத் துணியால் துடைப்பீர்கள்?

ஒன்றில் மட்டும் எதிரணியோடு உடன்படுகிறேன். கண்ட இடத்தில் போட்ட துளையால் பயனில்லை என்றார்கள். முற்றிலும் சரி. நான் முதலில் மூடியில் மட்டும் நாலு துளை போட்டுப் பார்த்தேன், பெரிய மாற்றமில்லை. விசிறி வைத்தேன், அது உள்ளே இருந்த சுடுகாற்றையே சுற்றிச் சுற்றிக் கலக்கியது. காற்று வெளியே போக வேண்டுமானால் அதே அளவு காற்று உள்ளே வர வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. பிறகு எதிர்மூலையில், தரையை ஒட்டி, ஒரு வரிசைத் துளை போட்டேன். அடியில் நாலு ரப்பர் புஷ் வைத்துப் பெட்டியைத் தூக்கினேன். கீழே நுழைந்த காற்று சிப்பின் மேல் தவழ்ந்து மேலே போனது. அதன் பிறகு எண் 80-ஐ எட்டவே இல்லை. விசிறியை மெதுவாக ஓட்டினாலே போதுமென்றும் ஆனது. ஆக, விசிறி வைத்தால் சத்தம் வரும் என்று எதிரணி சொல்லக்கூடிய வாதத்துக்கும் இதுவே பதில்.

நம் முன்னோர் சன்னலுக்கு வைத்த பெயர்களில் ஒன்று காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சுவரில் உள்ள ஓட்டை என்று அவர்கள் பெயர் வைக்கவில்லை, காற்றின் வழி என்று வைத்தார்கள். வீடு கட்டுகிறவன் சுவரை எழுப்பும்போதே உள்ளே வாழப்போகிறவரின் மூச்சை நினைத்தான். பெட்டி செய்கிற நமக்கும் அந்தக் கடமை உண்டு. கடையில் வாங்கிய பெட்டி என்றால் செய்தவனைக் குறை சொல்லலாம். நம் கையால் செய்தால், உள்ளே இருப்பதற்கு நாம்தானே பொறுப்பு?

வார்னிஷ் மினுங்கிய அந்த மூடியில் டிரில்லை வைத்தபோது என் கை தயங்கியது உண்மை. இன்று அந்தத் துளைக்கு மேலே என் மகள் உள்ளங்கையை வைத்து, “அப்பா, இளஞ்சூடா காத்து வருது” என்கிறாள். அந்தச் சூடு முன்பு உள்ளேயே கிடந்தது. இப்போது வெளியே வருகிறது. அந்த இளஞ்சூட்டையே என் கடைசிச் சாட்சியாக உங்கள் முன் வைக்கிறேன். காற்றுக்கு வழி விடுவது பயனே என்று தீர்ப்பளிக்குமாறு நடுவர் அவர்களை வேண்டி விடைபெறுகிறேன்.