எக்ஸ்ரேயில ஒரு கறுப்புக் கோடு

அம்மாவுக்கு முழங்காலோட உட்பக்கம் மட்டும் மாத்தி 8 மாசம் ஆச்சு. இன்னும் வலி. எக்ஸ்ரேயில, உலோகத் தட்டுக்குக் கீழே எலும்பை ஒட்டி மெல்லிசா ஒரு கறுப்புக் கோடு. "தட்டு லூஸ் ஆயிடுச்சு, முழு மூட்டையும் மாத்திடலாம்"னு டாக்டர் சொன்னார். அன்னிக்கு வீட்ல யாரும் தூங்கல.

இன்னொரு டாக்டர்கிட்ட போனோம். அவர் முதல்ல கேட்டது பழைய எக்ஸ்ரேக்களை. (நல்லவேளை, அப்பா எதையும் தூக்கிப் போடமாட்டார்.) எல்லாத்தையும் வரிசையா வச்சுப் பார்த்தார். கோடு 1 மில்லிமீட்டர்தான், ஓரம் தெளிவா இருக்கு, வளரவே இல்லை. பகுதி மூட்டு மாற்றத்துல, முக்கியமா ஆக்ஸ்ஃபோர்ட் வகையில, 2 மில்லிமீட்டருக்குள்ள இப்படி ஒரு கோடு சகஜமாம். தடிச்சுக்கிட்டே போனாலோ, தட்டு இடம் மாறினாலோதான் கவலைப்படணும்.

கதிர் தட்டுக்கு இணையா போகணும்; கொஞ்சம் சாய்ஞ்சாலும் கோடு மறைஞ்சிடும். அதனால "இது புதுசு"ன்னு சொல்றதுக்கு முன்னாடி, ரெண்டு படமும் ஒரே கோணமான்னு கேளுங்க.

போன் ஸ்கேன் பண்ணலாமான்னு கேட்டேன். ஆபரேஷன் ஆன முதல் வருஷத்துல நல்ல மூட்டுகூட அதுல பளிச்சுனு தெரியுமாம்.

இடுப்பு மூட்டுக் கோளாறும் முழங்காலில் வலிக்கலாம்னு அங்கேயும் ஒரு எக்ஸ்ரே. அது சரியாவே இருந்துச்சு. ரத்தத்துல தொற்றுக்கான அறிகுறி இல்லை. இப்போ பிசியோதெரபி போய்ட்டிருக்கு. 6 மாசம் கழிச்சு, அதே கோணத்துல மறுபடி ஒரு படம்.