யார் போட்ட கணக்கு?

(அச்சன்புதூரில் நடைபெற்ற அரசியல் விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்னைக் கடற்கரையோரத்தில் முன்னாளில் ஓடிய ஒரு வண்டியைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். சாரல் வீசும் அச்சன்புதூருக்கும் அலைகடல் ஓரத்து வண்டிக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். கேட்கவேண்டிய கேள்விதான். மாலையில் பொதிகை விரைவு வண்டியில் ஏறி, மறுநாள் காலையில் சென்னையில் இறங்கி, கடையிலும் கட்டடப் பணியிலும் அலுவலகத்திலும் உழைக்கும் பிள்ளைகள் இந்த வட்டாரத்தில் எத்தனை பேர்! இறங்கிய பின் வேலைக்குச் செல்ல அவர்களுக்கு வண்டி உண்டா, அதற்கான கட்டணம் அவர்தம் கூலியில் எவ்வளவைத் தின்கிறது என்பதைப் பொறுத்ததன்றோ, அவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணம்? சென்னை வண்டியின் கட்டணம் அச்சன்புதூர் அடுப்பிலே தெரியும், தோழர்களே!

தண்டவாளம் இல்லாமற்போனால் மக்கள் என்ன பாடுபடுவர் என்பதை உங்களுக்கு எடுத்துரைக்கவும் வேண்டியதில்லை. 1904ஆம் ஆண்டு, மலையைக் குடைந்து அமைக்கப்பட்ட வழியில் செங்கோட்டைக்கும் கொல்லத்துக்கும் இடையே பயணிகள் வண்டி ஓடத் தொடங்கிற்று. அந்த வழியில் செங்கோட்டை–புனலூர்ப் பகுதி, அகலப் பாதையாக்கும் பணிக்காக 2010ஆம் ஆண்டு மூடப்பட்டது. முழுத் தொலைவுக்கும் மீண்டும் வண்டி ஓடியது 2018ஆம் ஆண்டில். எட்டு ஆண்டுகள் காத்திருந்தீர்கள். ஆயினும் உங்கள் வண்டி திரும்பி வந்தது. நான் சொல்லப்போகும் வண்டியோ திரும்பி வரவே இல்லை.

1895ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கிற்று. இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் அதுதான். இலண்டன் மாநகரத் தெருக்களில் மின்சார டிராம் ஓடுமுன்பே சென்னையில் ஓடியது! குதிரை இல்லை, கரிப்புகை இல்லை. தெருவோடு தெருவாகப் பதித்த தண்டவாளத்தில், மின்சாரத்தால் நகரும் வண்டி. முதலில் தரைக்கடியில் அமைத்த கால்வழியிலிருந்து மின்சாரம் எடுத்தனர். மழைக்காலத்தில் வெள்ளம் புகுந்து அது கெட்டபோது, திட்டத்தைக் கைவிட்டுவிட்டார்களா? இல்லை. தலைக்குமேல் கம்பி கட்டி ஓட்டினர். உச்சநிலையில் 97 வண்டிகள். 24 கிலோமீட்டர்ப் பாதை. துறைமுகத்தையும் நகரின் உட்பகுதியையும் அது இணைத்தது. பாரிமுனை, மவுண்ட் சாலை, பூவிருந்தவல்லி நெடுஞ்சாலை எங்கும் அதன் மணியோசை கேட்டது.

அந்த வண்டி 1953ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் நின்றது. ஏன் நின்றது? நிறுவனம் நொடித்துப்போயிற்று, வரவு குறைவு, செலவு மிகுதி என்றனர். கணக்கேட்டை மூடினர், வண்டியையும் மூடினர். ஓட்டுநரும் நடத்துநரும் பணிமனைத் தொழிலாளரும் வேலையிழந்தனர்.

அந்தக் கணக்கை நாம் சற்றுப் புரட்டிப் பார்ப்போம். ஒரு பக்கம், பயணச்சீட்டு வருமானம். மறுபக்கம், மின்சாரம், கூலி, பழுதுபார்க்கும் செலவு. சரி! துறைமுகத் தொழிலாளி நேரத்தோடு வேலைக்குச் சென்று சேர்ந்தானே, அந்த ஆதாயம் எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டது? சில காசுகளில் மாணவன் கல்லூரிக்குச் சென்றானே, அது எந்தப் பக்கம்? அவற்றுக்கு அந்த ஏட்டில் பக்கமே கிடையாது. அது முதலாளி போட்ட கணக்கு. மக்கள் கணக்கை எழுதவேண்டியது அரசு. 1947ஆம் ஆண்டிலேயே சென்னை நகரில் பேருந்தைத் தானே நடத்தத் தொடங்கிய அரசு, ஆறே ஆண்டுகளில் டிராம் நொடித்தபோது அதைப் பொதுவுடைமையாக்கித் தொடர்ந்து நடத்தவில்லை. அன்று முதலமைச்சர் இராஜாஜி; ஆண்டது காங்கிரசு.

டிராம் பழையது, தெருவை அடைத்தது, பேருந்து வந்தபின் அது எதற்கு என்பார்கள் சிலர். அவர்கள் கூற்றில் உண்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. மாடு கிழமானால் மாட்டை மாற்றுவார்கள், உழவையே நிறுத்துவார்களா? ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரம் டிராமைப் பெயர்க்கவில்லை. பழைய வண்டியை மாற்றிப் புதிய வண்டி வைத்தது. இன்று ஏறத்தாழ 250 கிலோமீட்டர்ப் பாதையோடு, உலகிலேயே மிகப் பெரிய டிராம் அமைப்பு அந்நகரில்தான். அதன் கடற்கரைக்கு இன்றும் டிராமில் போகலாம்.

சென்னை டிராம் நின்ற அதே 1953ஆம் ஆண்டு, சூலைத் திங்களில், கல்கத்தாவில் வேறொரு காட்சி! அங்கே டிராமை நடத்திய பிரிட்டிஷ் நிறுவனம், இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரே ஒரு பைசா உயர்த்தியது. ஒரு பைசாதானே என்று மக்கள் வாளாவிருந்தார்களா? உயர்ந்த கட்டணத்தைக் கொடுக்க மறுத்தனர், தெருவில் இறங்கினர், அடிபட்டனர், சிறைப்பட்டனர். கட்டண உயர்வு திரும்பப் பெறப்பட்டது. 1967ஆம் ஆண்டு நிர்வாகத்தை அரசு ஏற்றது. 1976ஆம் ஆண்டு உடைமையும் அரசினதாயிற்று. ஆனால், சின்னமாக ஒரு சிறு தடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நிறுத்தப்போவதாக 2024ஆம் ஆண்டு அம்மாநில அரசே அறிவித்தது. போராடிப் பெற்றதையும் காவல் காக்காவிட்டால் கைநழுவும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

சென்னைக்குத் திரும்புவோம். கடற்கரையோரத்தில் நகருக்குள் மீண்டும் ஒரு தண்டவாளம் வேண்டும் என்பதை ஆட்சியாளர் உணர்ந்து, பறக்கும் ரயில் கட்டி, கடற்கரை நிலையத்திலிருந்து சேப்பாக்கம் வரை ஓடவிட்டது 1995ஆம் ஆண்டு நவம்பரில். டிராம் நின்று 42 ஆண்டுகளுக்குப் பிறகு! திருமயிலைக்கு 1997இல் வந்தது. வேளச்சேரியை எட்டியது 2007இல். தெருவிலிருந்து ஏறிய வண்டிக்குப் பதிலாக, மாடிப்படி ஏறிச் செல்லும் வண்டி. தூண்களை நட இடம் தேடியவர்கள், ஒரு காலத்தில் படகுகள் சென்ற பக்கிங்காம் கால்வாயின் மடியிலேயே நட்டார்கள். நிலையங்களை அரண்மனைபோல் எழுப்பினர். ஆனால் அங்கே சென்று சேர நல்ல நடைபாதையும் இணைப்புப் பேருந்தும் தருவதற்குத் தவறினர். பெண்கள் இருட்டிய பின் தனியே படியேற அஞ்சும் நிலையங்களும் உண்டாயின. இன்னொன்றையும் மறவாதீர்கள்: அதன் இரண்டாம் கட்டச் செலவில் மூன்றில் இரண்டு பங்கைத் தமிழ்நாடு அரசு ஏற்றது. ரயில்வே ஒன்றியத்தினது, சுமையில் பெரும்பங்கு தமிழ்நாட்டினது!

கடல் கடந்தும் பாருங்கள். கொழும்பு நகரின் கோட்டைப் பகுதியை மாலபேயுடன் இணைக்க, ஏறத்தாழ 16 கிலோமீட்டருக்கு இலகு ரயில் அமைக்கத் திட்டமிட்டனர். 2019ஆம் ஆண்டு, மிகக் குறைந்த வட்டியில் ஜப்பான் கடன் தர ஒப்பந்தமாயிற்று. 2020 செப்டம்பரில், செலவு மிகுதி என்று கூறி, கோத்தபய இராஜபக்சவின் ஆட்சி அதைக் கைவிட்டது. சென்னையில் ஓடிய வண்டியை நிறுத்தினர். கொழும்பில் ஓடவேண்டிய வண்டியையே ஓடாமல் தடுத்தனர். இரண்டு இடத்திலும், ஏறிச் செல்லும் மக்களைக் கேட்டு எவரும் முடிவு செய்யவில்லை.

இவையெல்லாம் பழங்கதையும் அயலார் கதையும் என்று எண்ணவேண்டா. மதுரைக்கும் கோவைக்கும் மெட்ரோ ரயில் கேட்டுத் தமிழ்நாடு அனுப்பிய திட்ட அறிக்கைகளை, 2025 நவம்பரில் ஒன்றிய அரசு திருப்பி அனுப்பியது. காட்டிய காரணம், மக்கள்தொகை 20 இலட்சத்துக்குக் குறைவு என்பது. எந்த ஆண்டின் கணக்கு? 2011ஆம் ஆண்டின் கணக்கு! பதினான்கு ஆண்டுகளில் பெருகிய ஊரையும், நாள்தோறும் வந்துபோகும் உழைப்பாளரையும் காணாத கணக்கு. அன்று நிறுவனம் போட்ட கணக்கு. இன்று டில்லி போடும் கணக்கு. ஏட்டின் உறை மாறியிருக்கிறது. உள்ளே மக்களுக்கு அதே வெற்றுப் பக்கம்தான்.

ஆகவே தோழர்களே, நாம் செய்யவேண்டியது என்ன? எந்த வண்டியானாலும், எந்தப் பாதையானாலும், மூன்று கேள்விகளை விடாமல் கேட்க வேண்டும். உழைப்பவன் கூலிக்கு அடங்கும் கட்டணமா? அவன் வீட்டு வாசலிலிருந்து நிலையம்வரை செல்ல வழி உண்டா? கொடுப்பதையோ நிறுத்துவதையோ முடிவு செய்யுமுன் மக்கள் மன்றத்தில் வைத்தீர்களா? நம் கட்சியின் ஆட்சி நடந்தாலும் இக்கேள்விகளைக் கேட்பதுதான் தொண்டனின் கடமை. கேட்காத தொண்டன் ஆட்சிக்கு அணியாகமாட்டான், பாரமாவான்.

உங்கள் ஊர்க் கிளைக் கூட்டத்தில், கடையநல்லூரிலோ தென்காசியிலோ செங்கோட்டையிலோ எந்த வண்டி நிற்கவேண்டும், எந்நேரத்தில் வேண்டும், எத்தனை பேர் அதை நம்பியிருக்கிறார்கள் என்று வீடுவீடாகக் கேட்டு எழுதுங்கள். அதுவே மக்கள் போடும் கணக்கு. அந்த ஏட்டை ஏந்திச் சென்றால், நட்டம் என்ற ஒரு சொல்லைச் சொல்லி எவரும் தண்டவாளத்தைப் பெயர்க்க முடியாது. கணக்கைத் தொடங்குங்கள், நாளைக்கே தொடங்குங்கள்!