நாங்கள் எழுத வேண்டிய ஒரு கட்டுரை

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டுக்குச் சங்கம் என்ன செய்யலாம் என்று செயற்குழுவில் கேட்டபோது நிறைய யோசனைகள் வந்தன. மண்டபத்துக்குக் கூரை, தண்ணீர்த் தாங்கி, உயர்தரப் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில். எல்லாம் நல்லவை, நடக்கட்டும். என்னுடைய யோசனைக்கு மட்டும் சிரிப்புத்தான் கிடைத்தது. தமிழ் விக்கிப்பீடியாவில் ஓர் இணைய உலாவிக் கொம்பனியைப் பற்றி நாங்கள் கூடி ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்றேன். “டொக்டருக்கு ஏன் இந்த வேலை?” என்று ஓர் அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இன்று நேரம் வாங்கியிருக்கிறேன்.

உலாவி என்றால் வேறொன்றுமில்லை, பிரவுசர். உங்கள் போனில் குரோம், சஃபாரி, ஃபயர்பொக்ஸ், ஒபரா என்று ஏதாவது ஒன்று இருக்கும். இணையத்துக்குள் போகிற வாசல்படி அது. கற்பிட்டியிலும் உடப்பிலும் முந்தலிலும் பல வீடுகளில் ஒரு போன் மூன்று பேருக்குப் பொது. கிளினிக்குக்கு வரும் பெண்பிள்ளைகள் என்னிடம் கேட்பதற்கு முன்பே அந்தப் போனிடம் கேட்டுவிட்டு வருகிறார்கள். மாதவிடாய் பிந்துவது, மார்பில் தட்டுப்படும் கட்டி, கர்ப்பத்தடை மாத்திரை என்று அம்மாவிடமும் உம்மாவிடமும் வாய்திறக்க முடியாதவற்றை அதில் தட்டுகிறார்கள். இதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. கேட்காமல் இருப்பதைவிடக் கேட்பது மேல். என் கவலை, அந்தக் கேள்வி பிறகு எங்கே போகிறது என்பதுதான்.

முதலில் அது போனிலேயே வரலாறாகத் தங்குகிறது. போன் அண்ணனுடைய கணக்கில் திறக்கப்பட்டு, ஒத்திசைவும் போட்டிருந்தால், தங்கச்சி தேடியது அண்ணனின் மற்றப் போனிலும் வந்து நிற்கலாம். அதனால்தான் மறைநிலை என்று ஒன்று இருக்கிறதே என்பார்கள் விஷயம் தெரிந்த பிள்ளைகள். மறைநிலை அந்தப் போனில் தடம் வைக்காது, அவ்வளவுதான். நீங்கள் போகும் தளத்துக்கும் இணைப்புத் தரும் கொம்பனிக்கும் நீங்கள் வந்துபோனது தெரியும். இதையே வைத்து அமெரிக்காவில் 2020 இல் கூகுள் மீது வழக்குப் போட்டார்கள். 2024 இல் இணக்கத்துக்கு வந்து, சேர்த்து வைத்திருந்த பதிவுகளை அழிக்கவும் மறைநிலை பற்றிய அறிவிப்பைத் திருத்தவும் அந்தக் கொம்பனி ஒப்புக்கொண்டது. எங்கள் ஊரில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

நோயாளி சொன்னதை வெளியில் சொல்லக்கூடாது என்பது எங்கள் தொழிலின் பழைய சட்டம். போனுக்குள் அப்படி யார் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள், எந்த வார்த்தையில் கொடுத்திருக்கிறார்கள் என்று ஒரு பெண் தமிழில் வாசித்தறிய இடம் வேண்டும். கொம்பனியின் விளம்பரம் அந்த இடமாகாது. வட்ஸ்அப்பில் வரும் “உடனே பகிரவும்” செய்தியும் ஆகாது.

எந்தக் கொம்பனியை எடுப்பது? என் பரிந்துரை, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோஹோ வெளியிட்ட ‘உலா’. 1996 இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் ஸ்ரீதர் வேம்புவும் மற்றவர்களும் தொடங்கிய கொம்பனி, 2009 இல் சோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2023 இல் உலாவை வெளியிட்டார்கள். இந்திய அரசின் தகவல் தொழினுட்ப அமைச்சு நடத்திய உலாவிப் போட்டியில் 2025 இல் முதலிடம் பெற்று ஒரு கோடி இந்திய ரூபா பரிசு வாங்கியது. பெயரே தமிழ். உயர்தரத்தில் தமிழ் படித்தவர்களுக்கு உலா இலக்கியம் ஞாபகம் வரும். தலைவன் வீதியில் பவனி போவான், பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்களும் பார்த்து நிற்பார்கள். இணையத்தில் காட்சி தலைகீழ். உலாப் போகிறவள் பெண், ஒளிந்துநின்று பார்க்கிறவர்கள் விளம்பரக்காரர்கள்.

தமிழ்ப் பெயர் என்பதற்காகப் புகழ் பாடுவது நம் வேலை அல்ல. பின்தொடரும் நிரல்களைத் தடுப்போம், பாவனையாளர் தரவை விற்கமாட்டோம் என்று கொம்பனி சொல்கிறது. கட்டுரையில் ‘சொல்கிறது’ என்றுதான் எழுத வேண்டும். இன்னொன்று: உலா, குரோமியம் என்ற அடித்தளத்தின் மேல் கட்டப்பட்டது. குரோமியத்தை 2008 இல் தொடக்கியது கூகுள். மைக்ரோசொஃப்டின் எட்ஜும் ஒபராவும்கூட அதே அத்திவாரத்தில்தான் நிற்கின்றன. ஃபயர்பொக்ஸ் வேறு அத்திவாரம். சுதேசி உலாவி என்று மேடையில் பேசுவோர் இதைச் சொல்வதில்லை. கலைக்களஞ்சியம் சொல்ல வேண்டும்.

யார் கையில் இருக்கிறது, எப்படிச் சம்பாதிக்கிறது என்ற இரண்டு கேள்விகளையும் எந்த உலாவியிடமும் கேட்கலாம். கூகுள் தன் தேடுபொறியை மற்றவர்களின் உலாவியிலும் போனிலும் முதலில் நிற்க வைப்பதற்காக 2021 இல் மட்டும் 26.3 பில்லியன் டொலர் கொடுத்தது என்று அமெரிக்க நீதிமன்ற வழக்கில் வெளிவந்தது. நோர்வேயில் பிறந்த ஒபராவின் உலாவி வியாபாரம் 2016 இல் சீன முதலீட்டாளர் குழுவுக்குக் கைமாறியது. போனில் இருந்த அந்தச் சிவப்பு வட்டத்தில் ஒன்றும் மாறவில்லை. வாசல்படி அதேதான், வீட்டுக்காரர் மட்டும் வேறு.

ஒபரா என்றதும் என் வயதுக்காரிகள் சிலர் சிரிக்கிறீர்கள். நோக்கியா போனில் தமிழ்த் தளத்தைத் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். ஒபரா மினியின் முகவரிப் பட்டியில் ‘ஒபரா’, முக்காற்புள்ளி, ‘கொன்ஃபிக்’ என்று ஆங்கிலத்தில் தட்டி, கடைசியில் ஒரு ‘நோ’வை ‘யெஸ்’ ஆக்கினால் தமிழ் வந்துவிடும். எழுத்துகளைப் படமாக்கி அனுப்பினார்கள். பட்டமேற்படிப்புக் காலத்தில் இரவுக் கடமைக்கு இடையே நான் தமிழ் வாசித்தது அப்படித்தான். ஆனால் அந்த வசதிக்காகப் பக்கங்கள் எல்லாம் அவர்களுடைய கணினி வழியாகச் சுருங்கித்தான் எங்களுக்கு வந்தன என்பதை அப்போது யாரும் எங்களுக்கு விளக்கவில்லை.

இந்த ஞாபகத்தை அப்படியே விக்கிப்பீடியாவில் எழுதலாமா? முடியாது. அங்கே மூன்று விதிகள் முக்கியம். அவர்களுடைய தமிழில் குறிப்பிடத்தக்கமை, மெய்யறிதன்மை, நடுநிலை நோக்கு என்பார்கள். ஒரு கொம்பனிக்குக் கட்டுரை இருக்கவேண்டுமென்றால், அந்தக் கொம்பனியோடு தொடர்பில்லாதவர்கள் நம்பத்தக்க பத்திரிகையிலோ நூலிலோ அதைப்பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும். கொம்பனியின் அறிக்கையும், அதை அப்படியே அச்சிட்ட செய்தியும் கணக்கில் வராது. நோயாளியின் வாய்மொழியும் முக்கியம், பரிசோதனை அறிக்கையும் முக்கியம். விக்கிப்பீடியா இரண்டாவதை மட்டும் கோப்பில் சேர்க்கும். ஒபரா மினிக் கதையை யாராவது ஒரு பத்திரிகையில் எழுதி, அது வெளிவந்த பிறகு பார்ப்போம்.

“அதைவிட எங்கள் பாடசாலையைப் பற்றியே எழுதலாமே” என்றும் கேட்டார்கள். மனசுக்கு இனிப்பான வேலை. ஆனால் நம் கையிலுள்ள ஆதாரம் பெரும்பாலும் நாமே அச்சிட்ட மலர்கள். எழுதுவோரும் நாம், சாட்சியும் நாம் என்றால் அது வழக்காகாது. அதனால் முதலில் நமக்குச் சொந்தமில்லாத ஒன்றில் கை பழகுவோம். அதே நியாயத்தில், சோஹோவிலோ அதற்குப் போட்டியான கொம்பனியிலோ வேலை செய்கிற பழைய மாணவிகள் யாரும் இருந்தால், கட்டுரையைத் தொடாமல் பேச்சுப் பக்கத்தில் திருத்தம் சொன்னால் போதும்.

இது நம் கரைக்குப் புதிய வேலை என்று நினைக்க வேண்டாம். கற்பிட்டியில் 1807 இல் பிறந்த சைமன் காசிச்செட்டி, இலங்கையின் ஊர்களையும் இடங்களையும் அகரவரிசையில் தொகுத்து ‘சிலோன் கெசற்றியர்’ என்ற நூலை 1834 இல் வெளியிட்டார். வயது இருபத்தேழு. 1859 இல் ஏறத்தாழ 200 தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் ‘தமிழ் புளூட்டாக்’ என்று தந்தார். இரண்டும் ஆங்கிலத்தில். தமிழில் இன்று அந்த வேலை நடக்கும் இடம், 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா. அதன் ஆரம்ப நாட்களில் யாழ்ப்பாணத்தவரான கட்டடக்கலைஞர் இ. மயூரநாதன், அமீரகத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஆயிரக்கணக்கான கட்டுரைகள் எழுதினார். 2017 இல் ஒரு லட்சம் கட்டுரைகள் ஆயின. சம்பளம் வாங்கி எழுதியதல்ல.

வேலையை இப்படிப் பிரிக்கலாம் என்று நினைக்கிறேன். சென்னையில் இருப்போர் அங்குள்ள பத்திரிகைச் செய்திகளைத் திரட்டட்டும். கனடாவிலும் லண்டனிலும் இருப்போர் வழக்குத் தீர்ப்புகளை வாசித்துத் தமிழில் சுருக்கித் தரட்டும். ஓய்வுபெற்ற தமிழ் டீச்சர்மார் மொழியைப் பார்க்கட்டும். ‘குக்கி’ என்பதற்கு விளக்கம் எழுதுவது மருந்துச் சீட்டு எழுதுவதைவிடக் கஷ்டம், முயன்று பார்த்தேன். தனியுரிமை பற்றிய பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன். வரைவை முதலில் மணல்தொட்டியில் வைப்போம். தலைப்பு ஏற்கெனவே இருந்தால் அதை வளர்ப்போம், இல்லாவிட்டால் தொடக்குவோம். சந்தேகம் வந்தால் அங்கே கேட்பதற்கு ஆலமரத்தடி என்றொரு பக்கம் இருக்கிறது. முகம் தெரியாதவர்கள் வந்து வெட்டித் திருத்துவார்கள், கோபிக்கக் கூடாது. சொந்தப் பெயரில் எழுத வேண்டிய கட்டாயமில்லை, புனைபெயரில் கணக்குத் திறக்கலாம். வீட்டில் கேள்வி வரும் என்று தயங்கும் தங்கச்சிமாருக்காக இதைச் சொல்கிறேன்.

பாடசாலைக் கணினி அறையைச் சனிக்கிழமைப் பின்னேரங்களில் தர அதிபர் சம்மதித்திருக்கிறார். மின்விசிறி இரண்டில் ஒன்றுதான் சுற்றுகிறது, விசிறி கொண்டு வாருங்கள். பெயர் தர விரும்புவோர் சங்கச் செயலாளரிடம் கொடுங்கள்; ஏழு பேர் ஏற்கெனவே எழுதியிருக்கிறார்கள், கேள்வி கேட்ட அக்காவும் அதில் ஒருவர்.