பீடியை விட முடியுமா?

(யூபிலி ஆண்டுத் தயாரிப்புக் கூட்டத்தில் பங்குக்குரு ஆற்றிய உரை)



யூபிலி ஆண்டு என்பதற்குப் பழைய ஏற்பாட்டில் என்ன பொருள் என்பதை நீங்கள் அறிவீர்கள். எக்காளம் ஊதுவார்கள், அடிமைப்பட்டவன் விடுதலை பெற்றுத் தன் வீடு திரும்புவான். நாமும் யூபிலி கொண்டாடுகிறோம். கோவிலுக்கு வண்ணம் பூசுகிறோம், மலர் வெளியிடுகிறோம். எல்லாம் நல்லதே. ஆனால் நம் வீடுகளில் அடிமைப்பட்டுக் கிடப்பவர் எவரும் இல்லையா? இருக்கிறார்கள். விரல் நீளமுள்ள ஒரு பீடிக்கு அடிமைப்பட்டவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களை எப்படி மீட்பது என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

நம் அடி அண்ணாமலை மலை சுற்றும் பாதையில் அமைந்த ஊர். பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் நடக்கும் பெருங்கூட்டம் நம் ஊரைக் கடந்தே போகிறது. கூட்டம் பெருகினால் கடை பெருகும். கடை பெருகினால் பீடியும் சிகரெட்டும் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நிற்கும். வயலிலும் கட்டட வேலையிலும் உழைத்துக் களைத்தவர் ஒரு டீயும் ஒரு பீடியுமாகப் பசியை மறக்கப் பார்க்கிறார். நிக்கோட்டின் பசியை மந்தமாக்கும் என்பது உண்மைதான். ஆனால் மந்தமான பசியைத் தொடர்ந்து வருவது என்ன?

"சாமி, சிகரெட்டுதான் கெடுதல், பீடி வெறும் இலைதானே" என்று சொல்வோர் உண்டு. இது தவறான எண்ணம். பீடியில் புகையிலை குறைவாக இருக்கலாம். ஆனால் அதைச் சுற்றியுள்ள இலைக்குள் காற்று எளிதில் புகாது. இழுக்காமல் விட்டால் அணைந்துபோகும். ஆகவே அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது. அதனால் தாரும், நிக்கோட்டினும், கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவும் சிகரெட்டைவிட அதிகமாகவே உள்ளே செல்கின்றன.

இதற்குச் சான்று தேடிச் சீமைக்குப் போக வேண்டியதில்லை. சென்னையிலும், நம் பக்கத்து விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களிலும் டாக்டர் கஜலட்சுமியும், ஆக்ஸ்போர்டு அறிஞர் ரிச்சர்டு பீட்டோவும் அவர்தம் குழுவினரும் ஒரு பேராய்வு நடத்தினார்கள். இறந்துபோன சுமார் 43,000 ஆண்களின் குடும்பத்தாரிடம் விசாரித்து, உயிரோடிருந்த 35,000 ஆண்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முடிவு 2003-ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது. புகைப்பவர் காசநோயால் இறக்கும் வாய்ப்பு, புகைக்காதவரைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு! இந்தியாவில் காசநோயால் மாளும் ஆண்களில் பாதிப்பேரின் சாவுக்குப் புகையே காரணம் என்றும் அவர்கள் கணித்தார்கள். கிராமத்து ஆண்கள் பெரும்பாலும் புகைத்தது பீடிதான். நம்மைப்போல் உழுது உண்ணும் மக்களின் கதை இது. நம் கதையே இது.

புற்றுநோய் என்றால் எல்லோரும் அஞ்சுகிறோம். ஆனால் மாரடைப்பும், மூச்சிரைப்பும், கால் விரல்களுக்கு இரத்தம் ஓடாமல் கறுத்து அழுகும் நோயும் அதே புகையின் பிள்ளைகளே. புகைப்பவரோடு ஒரே அறையில் உறங்கும் மனைவியும் மக்களும் அந்தப் புகையைத்தானே சுவாசிக்கிறார்கள்? தொட்டில் குழந்தைக்கு அடிக்கடி சளி பிடிக்கிறது என்று மருந்துக்கு ஓடுகிறோம். திண்ணையிலிருந்து வரும் புகையை மறந்துவிடுகிறோம்.

இவ்வளவும் தெரிந்தும் ஏன் விட முடிவதில்லை? புகைப்பவர் கெட்டவர் என்பதாலா? அன்று, அன்று! இழுத்த புகையிலுள்ள நிக்கோட்டின் சில நொடிகளில் மூளையை எட்டிவிடுகிறது. பழகிய மூளை மீண்டும் மீண்டும் கேட்கிறது. கொடாவிட்டால் எரிச்சல், கோபம், தூக்கமின்மை, மனச்சோர்வு. ஆகவே திட்டினால் தீராது. வெட்கப்படுத்தினால் மறைவாகப் புகைப்பாரேயன்றி விடமாட்டார். அவருக்கு வேண்டியது துணை.

ஆயினும் விட முடியும் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி உண்டு. நம்மவர் பலர் தவக்காலம் நாற்பது நாளும் பீடியைத் தொடுவதில்லை. ஐயப்பனுக்கு மாலை போட்ட நம் அயலாரும் ஒரு மண்டலம் தொடுவதில்லை. எப்படி முடிகிறது? விரதம் என்று ஊருக்கே தெரியும், வீட்டார் ஒத்துழைக்கிறார்கள், நண்பர் எவரும் நீட்டுவதில்லை. ஆனால் உயிர்ப்புத் திருநாள் காலையில் என்ன நடக்கிறது? பூசை முடிந்ததும் கால்கள் பெட்டிக்கடையை நோக்கி நடக்கின்றன.

இங்கே ஓர் உண்மையைக் கவனியுங்கள். பீடியை நிறுத்தியவருக்கு உடல் வேதனை மிகக் கடுமையாக இருப்பது முதல் சில நாட்களில்தான். மூன்று, நான்கு வாரங்களில் பெரும்பாலும் தணிந்துவிடும். அப்படியானால் நாற்பது நாள் கடந்தவர் மலையின் செங்குத்தான பகுதியை ஏறி முடித்தவர் அல்லவா? நாற்பத்தோராம் நாள் அவரை இழுப்பது உடலின் வேதனையைவிடப் பழைய பழக்கமும் பழைய கூட்டமுமே. விரத நாட்களில் கொடுத்த துணையை நாம் அன்றைக்கு விலக்கிக்கொள்கிறோம். அதுவே நம் குறை.

ஆகவே சில நடைமுறை யோசனைகளைச் சொல்கிறோம்.

முதலாவது, விட விரும்புபவர் ஒரு நாளைக் குறித்து, வீட்டாருக்கும் இரண்டு நண்பர்களுக்கும் சொல்லட்டும். முந்தின இரவே பீடியையும் தீப்பெட்டியையும் அப்புறப்படுத்தட்டும். ஆசை எழும்போது அது சில நிமிடங்களே நீடிக்கும் என்பதை நினைவில் கொண்டு, தண்ணீர் குடிக்கலாம், மூச்சை ஆழ இழுத்து விடலாம், எழுந்து சிறிது நடக்கலாம்.

இரண்டாவது, காலையில் கண் விழித்த அரை மணிக்குள் பீடியைத் தேடுபவர் டாக்டரின் உதவியைப் பெறுவது நல்லது. நிக்கோட்டின் அடங்கிய மெல்லும் மருந்தும், மாத்திரைகளும் உண்டு. 1800-11-2356 என்னும் அரசின் இலவசத் தொலைபேசியிலும் ஆலோசனை கிடைக்கும். 2018 முதல் சிகரெட், பீடிக் கட்டுகளின் மீதே இந்த எண்ணை அச்சிடத் தொடங்கினார்கள். காசநோய்க்கு மருந்து உட்கொள்வோர் பீடியை உடனே நிறுத்துவது அந்த மருந்துக்குச் செய்யும் பேருதவி.

மூன்றாவது, தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. முதல் வாரத்தில் அவர் சிடுசிடுப்பார், பொறுத்துக்கொள்ளுங்கள். தவறி ஒரு நாள் புகைத்துவிட்டால், "எனக்கு அப்போதே தெரியும்" என்று சொல்லாதீர்கள். விட்டவர்களில் பலர் இரண்டு மூன்று முறை விழுந்து எழுந்தவர்களே.

நான்காவது, பங்கு முழுவதும் சேர்ந்து செய்ய வேண்டியது. கலியாணப் பந்தலிலும் சாவு வீட்டிலும் வெற்றிலைத் தாம்பாளத்தோடு பீடி, சிகரெட் வைக்கும் வழக்கத்தை இந்த ஆண்டோடு நிறுத்துவோம். காலஞ்சென்ற திருத்தந்தை பிரான்சிஸ், உடல்நலத்தைக் கெடுக்கும் ஒன்றில் பங்குகொள்ளலாகாது என்று கருதி, 2018 முதல் வத்திக்கானில் சிகரெட் விற்பனையையே நிறுத்தச் செய்தார். வருமானம் போகும் என்று தெரிந்தும் செய்தார். தாம்பாளத்திலிருந்து ஒரு கட்டை எடுத்துவிட நமக்கு என்ன நட்டம்? அதுபோலப் பீடி வாங்கப் பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பாதீர்கள். பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு விற்பதை 2003-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது.

"வயதாகிவிட்டது சாமி, இனி விட்டு என்ன பயன்?" என்று கேட்கும் பெரியவர்களுக்கும் பதில் உண்டு. ரிச்சர்டு டாலும் அவருடைய தோழர்களும் இங்கிலாந்து டாக்டர்களை 1951 முதல் ஐம்பது ஆண்டுகள் கவனித்து 2004-இல் கண்டது இது: முப்பது வயதில் விட்டவர் சுமார் பத்து ஆண்டு ஆயுளை மீட்கிறார், ஐம்பதில் விட்டவர் ஆறு ஆண்டு, அறுபதில் விட்டவரும் மூன்று ஆண்டு. பேரனுக்குப் புதுநன்மை கொடுக்கும் நாளைக் கண்ணால் காண மூன்று ஆண்டு போதாதா?

அன்பர்களே, வரும் தவக்காலத்தில் பீடியை நிறுத்துபவர்கள் நம் பங்கில் நிச்சயம் இருப்பார்கள். அவர்கள் பெயரை அன்பியத்தார் அறிந்து வைத்திருங்கள். உயிர்ப்புத் திருநாள் பூசை முடிந்து வெளியே வரும்போது ஒருவர் அவர் தோளில் கைபோட்டு, கடைப் பக்கம் விடாமல், வீடுவரை கூடவே நடந்து செல்லுங்கள். மறுநாளும் போய்ப் பாருங்கள். விடுபட விரும்புவோருக்கு மனவுறுதியையும், துணை நிற்கும் நமக்குப் பொறுமையையும் இறைவன் அருள்வாராக!