உருக்கும் எழுத்தும்



ருஷ்ய நாட்டின் யூரல் மலைப் பகுதியில் ஸ்லத்தோவுஸ்த் என்றொரு நகரம் உண்டு. அங்கு 1815ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற ஆயுதச் சாலை, பொற்பூச்சும் சித்திர வேலையும் அமைந்த வாள்களுக்குப் பெயர் பெற்றது. அந்நகரில் பணிபுரிந்த பாவெல் அனோசவ் என்னும் சுரங்கப் பொறியியலார், நீரலை போன்ற வரிகள் ஓடும் 'புலாத்' என்ற கீழ்நாட்டு உருக்கின் மறைபொருளை அறியப் பல்லாண்டு சோதனை செய்தார். தாம் கண்டவற்றை 1841இல் நூலாக வெளியிட்டார்.

இதில் நமக்கென்ன தொடர்பு என்று கேட்பீர்கள். அவ்வகை உருக்கைப் பண்டுதொட்டுச் செய்தவர்களுள் தென்னாட்டுக் கொல்லரும் அடங்குவர். நொய்யலாற்றங்கரையிலுள்ள கொடுமணலை அகழ்ந்தபோது இரும்பு உருக்கிய உலைகளும் மூசைகளும் கிடைத்தன. சேலம் பகுதிக் கொல்லர் கையாண்ட முறையை, ஹீத் என்ற ஆங்கிலேயர் 1830-களில் விவரித்தார். இரும்புத் துண்டுகளை ஆவாரங் குச்சியோடு மண்மூசையில் இட்டு, எருக்கிலையால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்து, துருத்தி ஊதிக் கரியுலையில் காய்ச்சினர். குச்சியிலும் இலையிலுமுள்ள கரிச்சத்து இரும்பிற் கலந்தது, இரும்பு உருக்காயிற்று. இலண்டனில் மைக்கேல் பாரடே என்ற விஞ்ஞானி 1819இலேயே இந்திய உருக்கைப் பகுத்தாராய்ந்தார்.

இத்துணைச் சிறந்த தொழில் ஏன் மறைந்தது? மேனாட்டு ஆலை உருக்கு மலிவாக வந்து இறங்கியது. காடுகள் அரசின் காவலுக்குள் சென்றபின் உலைக்குரிய மரக்கரி அரிதாயிற்று. உலை அணைந்ததும் அறிவும் உடன் அணைந்தது. அது தந்தை கையிலிருந்து மகன் கைக்குச் சென்ற அறிவு. ஏட்டில் ஏறியது மிகச் சிறிதே. நம்மவர் செய்த பொருளைப் பற்றி அயலார் எழுதிய குறிப்புகளையே நாம் இன்று தேடிப் படிக்கிறோம்.

நான் பேசுவது பழம்பெருமைக்காக அன்று. எங்கள் சேத்துப்பட்டு, ஆரணிப் பட்டு நெய்யும் வட்டாரத்தைச் சேர்ந்தது. தறியின் புகழ் ஊரெங்கும் பரவியிருக்கிறது. கொல்லுப்பட்டறையை நினைப்பவர் சிலரே. ஆயினும் கொழுவும் அரிவாளும் அடிக்கும் கொல்லர், காய்ந்த இரும்பை எந்த நிறத்தில் நீரில் தோய்க்க வேண்டும் என்பதைக் கண்ணாலேயே அறிவார். எந்தப் பாடநூலும் அவருக்கு அதைக் கற்பிக்கவில்லை.

ஆகவே மாணவர்களே, உங்கள் ஊரில் உலைக்களம் இருந்தால் அங்குச் செல்லுங்கள். குறடு, சம்மட்டி, பட்டடை ஆகியவற்றுக்குக் கொல்லர் வழங்கும் பெயர்களைக் கேளுங்கள். செய்முறையை அவர் சொல்லிலேயே எழுதி வையுங்கள். அனோசவ் செய்த பணியின் ஒரு பகுதி அதுதான். அதற்குப் பெரிய ஆய்வுச்சாலை வேண்டா. ஒரு குறிப்பேடும், கேட்கும் பணிவும் போதும்.