தீவில் இருப்பவர் முதலில் பேசட்டும்



யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஒன்றான அனலைதீவுக்கு இன்றைக்கும் படகில்தான் போக வேண்டும். ஆனால் அந்த ஊருக்கான கூட்டங்கள் இப்போது ஊருக்குள் மட்டும் நடப்பதில்லை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் சுவிசிலும் அனலைதீவார் இருக்கிறார்கள். பாடசாலைத் தேவை, கோயில் திருப்பணி, ஒரு பிள்ளையின் படிப்புச் செலவு, எதுவானாலும் சூமில் கூடிக் கதைக்கிறார்கள். போர்க்காலத்தில் ஒரு கடிதத்துக்காக வாரக்கணக்கில் காத்திருந்த சனம் இன்று முகம் பார்த்துப் பேசுவது எத்தனை பெரிய காரியம்! ஆனாலும் இப்படியான ஊர்க் கூட்டங்களில் மிகக் குறைவாகப் பேசுகிறவர் பெரும்பாலும் ஊரில் இருப்பவர்தான். அதுதான் என் மனதை உறுத்துகிறது.

முதலில் நேரத்தைப் பாருங்கள். கோடையில் ரொறன்ரோவில் சனிக்கிழமை காலை 8 மணி என்றால் லண்டனில் பிற்பகல் 1 மணி, அனலைதீவில் மாலை 5.30, சிட்னியில் இரவு 10. நவம்பரில் ரொறன்ரோவில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னே வைக்கிறார்கள். இலங்கையில் மணிக்கூடு மாறுவதில்லை. அதனால் அதே கூட்டம் ஊரில் 6.30க்குத் தள்ளிப் போகிறது, அங்கே அதற்குள் மணிக்கூட்டை முன்னே வைத்துவிடுவதால் சிட்னிக்காரருக்கு நள்ளிரவாகிவிடுகிறது. மாலையில் கடலுக்குப் போகிறவருக்கும், அடுப்படியில் நிற்கிற அம்மாவுக்கும் அந்த நேரம் தோதா என்று யார் கேட்டார்கள்? ஒரு மாதம் வெளிநாட்டாரின் வசதிக்கு வைத்தால், அடுத்த மாதம் ஊராரின் வசதிக்கு வைக்கலாமே.

நேரம் கிடைத்தாலும் வாய் திறக்கத் தயக்கம் இருக்கிறது. “காசு தாறவை கதைக்கட்டும்” என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். இந்த ஒதுக்கம் மரியாதையில் பிறந்தது. ஆனால் அதன் விலையை ஊர்தான் கொடுக்கிறது. தீவின் நிலத்தடி நீரை எடுத்துக்கொள்ளுங்கள். உப்பு நீருக்கு மேலே மெல்லிய படையாக நிற்கிற நல்ல தண்ணீர் அது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழே இருக்கிற உப்பு மேலே ஏறிவிடும். தோட்டத்துக்கு ஆழக் குழாய்க்கிணறும் பெரிய மோட்டரும் வாங்கித் தருவோம் என்று வெளியிலிருந்து ஒருவர் நல்ல மனதோடு சொல்லக்கூடும். எந்தக் கிணறு எந்த மாதத்தில் உவர்க்கும் என்பது அங்கே புகையிலைக்குத் தண்ணி இறைத்த கமக்காரருக்குத்தான் தெரியும். அவர் மைக்கை மூடிக்கொண்டு இருந்தால், அந்த அறிவு கூட்டத்துக்கு வராமலே முடிவு எடுபட்டுவிடும்.

எல்லாரும் பேசுவதன் பயனை ஆய்வும் காட்டுகிறது. 2010இல் அனிற்றா வூலி என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 699 பேரைச் சிறு குழுக்களாகப் பிரித்துப் பலவகை வேலைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். குழுவிலே இருந்த கெட்டிக்காரர் எவ்வளவு கெட்டிக்காரர் என்பது அவ்வளவாகக் கணக்கில் வரவில்லை. பேச்சு எல்லாரிடமும் ஏறக்குறைய சமமாகப் போய்வந்த குழுக்களே நன்றாகச் செய்தன. ஓரிருவரே பேசிக்கொண்டிருந்த குழுக்கள் பின்தங்கின.

ஆகவே கூட்டத்தை நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பேச்சைத் தீவிலிருந்து தொடங்குங்கள். கட்டணம் கட்டாத சூம் கூட்டம் 40 நிமிடத்தில் நின்றுவிடும். தலைவருரை, செயலாளருரை, வாழ்த்துரை என்று பாதி நேரம் போனபிறகு “ஊரில இருந்து ஆராவது ஏதாவது சொல்லப் போறியளோ?” என்று கேட்டால் யார் பேசுவார்? “அக்கா, பாடசாலைக்கு இப்ப என்ன முதலில் தேவை?” என்று ஆளைக் குறித்துக் கேளுங்கள். திரையில் ஒரு பெயர்தான் தெரியும், அந்த ஒரு போனைச் சுற்றி நாலைந்து பேர் இருப்பார்கள். பின்னால் இருக்கிற பெண்களையும் விசாரியுங்கள். கமராவைப் போடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். டேட்டா காசுக்கு வாங்குவது, படம் ஓடினால் சீக்கிரம் கரையும். சிக்னல் விட்டுப்போனவர் திரும்ப வந்தால், விட்ட இடத்தை அவருக்கு ஒருமுறை சொல்லிவிட்டுத் தொடருங்கள்.

வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளும் சில வேளை வந்து உட்காருகிறார்கள். அவர்கள் தட்டுத்தடுமாறித் தமிழில் சொல்ல முயலும்போது உச்சரிப்பைத் திருத்தாதீர்கள், சிரிக்காதீர்கள். ஒருமுறை சிரித்தால் அந்தப் பிள்ளை அடுத்த கூட்டத்துக்கு வராது.

கூட்டத்தில் பேசியதை ஐந்து நிமிடக் குரல் பதிவாக வட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். எழுத்து வாசிக்கச் சிரமப்படுகிற முதியவர்களும் கேட்பார்கள். அன்றைக்குக் கடலில் நின்றவர் கரைக்கு வந்து, அதைக் கேட்டு, தன் மறுப்பையோ சம்மதத்தையோ சொல்ல இரண்டு மூன்று நாள் விடுங்கள். முடிவை அதற்குப் பிறகு எழுதலாம்.